மதிய வெயிலில் சுருதி நழுவும் வீட்டு சின்த்: சரிசெய்வதா, பழைய பாலிசிக்ஸை வாங்கிவிடுவதா?

மொட்டைமாடி_மின்சாரம்:

எல்லோருக்கும் வணக்கம். எட்டு மாதமாக ஒரு அனலாக் சின்தசைசர் (மின்சுற்றிலேயே சத்தத்தை உருவாக்கும் இசைப் பெட்டி) கட்டிக்கொண்டிருக்கிறேன். ஊர் மதுரை. பட்டறை என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வது மொட்டைமாடியில் இருக்கும் ஒரு அறை, கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வில்லனே அதுதானோ என்று எனக்குச் சந்தேகம்.

பெட்டிக்குள் சுரத்தை எழுப்ப ஒரே ஒரு ஆசிலேட்டர், தொனியைச் செதுக்க எல்.எம் 13700 சிப் வைத்த ஃபில்டர், சத்த அளவைக் கட்டுப்படுத்த ஒரு வி.சி.ஏ, அந்த ஏற்ற இறக்கத்தை வகுக்க ஒரு என்வலப். ஆசிலேட்டர் சி.டி 40106 சிப்பில் செய்த ரம்பப்பல் அலை, அதற்கு முன்னால் பி.சி 557, பி.சி 547 என்று இரண்டே டிரான்சிஸ்டரில் ஒரு எக்ஸ்பொனென்ஷியல் கன்வெர்ட்டர் (கீபோர்டு வோல்ட் 1 ஏறினால் அதிர்வெண்ணை இரட்டிப்பாக்கும் பகுதி). மிடி கீபோர்டிலிருந்து ஆர்டுயினோ என்ற குட்டிக் கணினிப் பலகை, அதிலிருந்து எண்ணை மின்னழுத்தமாக்கும் 12 பிட் டி.ஏ.சி, ஒரு ஸ்தாயிக்கு 1 வோல்ட். எல்லாம் இணையத்தில் ஆயிரம் பேர் கட்டுகிற சர்க்யூட்தான், என் சொந்தச் சரக்கு ஒன்றும் இல்லை.

காலை ஆறு மணிக்கு நாலரைக் கட்டையில் சுருதி சேர்த்தால் நாலு ஸ்தாயியும் கச்சிதமாக நிற்கிறது, போனில் இருக்கும் ட்யூனர் முள் அசையவே இல்லை. பதினொரு மணிக்கு அதே சாவியை அழுத்தினால் ஐந்து கட்டை. இரண்டு மணிக்கு ஐந்தரை. சரி, நாபைத் திருகி கீழ் ஸட்ஜத்தை இறக்கிக்கொள்ளலாம் என்றால் இப்போது மேல் ஸட்ஜம் இறங்கிக் கிடக்கிறது, அதற்கும் மேல் ஸ்தாயி இன்னும் மோசம். அந்த 547இன் தலையில் விரலை வைத்தால் ஆம்புலன்ஸ் மாதிரி கத்திக்கொண்டு மேலே போகிறது.

வயலின் வாசிக்கும் தோழி ஒருத்தி போன வாரம் வந்து பத்து நிமிஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு வில்லைப் பெட்டியில் வைத்துவிட்டாள்.

இன்னொரு விஷயம். நண்பனின் சித்தப்பா எண்பதுகளில் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கோர்க் கம்பெனியின் பாலிசிக்ஸ் சின்தசைசர் ஒன்று இருபது வருஷமாகத் துணி போர்த்திக் கிடக்கிறது. 70,000 ரூபாய் கேட்கிறார். ஆன் ஆகிறது, சில சாவிகள் பேசுகின்றன, சில ஊமை, மெமரி தானாக வேறு வேறு சத்தத்துக்குத் தாவுகிறது. என் பெட்டியோடு மல்லுக்கட்டுவதை விட்டு அதை வாங்கிவிடலாமா? அல்லது என் ஆசிலேட்டருக்கு விமோசனம் உண்டா?


சால்டர்புகை:

தம்பி, உன் பெட்டிக்கு இரண்டு நோய். இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு வைத்தியம் பார்த்தால் எட்டு மாதம் இல்லை, எட்டு வருஷம் ஆகும்.

முதல் நோய், எல்லாச் சுரமும் கும்பலாக ஏறுவது. சிலிக்கான் டிரான்சிஸ்டரில் ஒரு டிகிரி சூடு கூடினால் பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே வேண்டிய மின்னழுத்தம் சுமார் 2 மில்லிவோல்ட் குறையும். 2 மில்லிவோல்ட் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். ஆனால் கீபோர்டில் 1 வோல்ட்டாக இருக்கும் ஒரு ஸ்தாயி, அந்த டிரான்சிஸ்டரின் பேஸுக்கு வந்து சேரும்போது வெறும் 18 மில்லிவோல்ட்தான். ஆக ஒரு டிகிரிக்கு ஒரு ஸ்தாயியில் ஒன்பதில் ஒரு பங்கு, 133 சென்ட் (ஒரு ஸ்தாயி 1200 சென்ட்), அரைக்கட்டைக்கும் மேல். விரல் வைத்ததும் ஆம்புலன்ஸ் வந்தது இதனால்தான்.

இதை அடக்கத்தான் அங்கே இரண்டு டிரான்சிஸ்டர் போட்டிருக்கிறார்கள். ஒன்றில் ஏறுவதை மற்றது இறக்கிச் சமன் செய்யும், ஆனால் இரண்டும் ஒரே சூட்டில் இருந்தால்தான். இரண்டுக்கும் முக்கால் டிகிரி வித்தியாசம் வந்துவிட்டாலே நாலரைக் கட்டை ஐந்து கட்டையாகிவிடும். அதனால் உன்னிடம் ஒரே கேள்வி: மின்னழுத்தத்தை 12 வோல்ட்டில் நிறுத்திச் சூடாகும் அந்த 7812 ரெகுலேட்டர் 547க்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது? பக்கத்தில்தான் இருக்கும், எனக்குத் தெரியும், நானும் முதல் பலகையில் அங்கேதான் வைத்தேன்.

செய்ய வேண்டியது: ரெகுலேட்டரைப் பெட்டியின் இன்னொரு மூலைக்குத் துரத்து. இரண்டு டிரான்சிஸ்டரின் தட்டை முகங்களும் ஒட்டும்படி நடுவில் கொஞ்சம் வெப்பப் பசை தடவி, மேலே ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டுச் சுருக்கு. புருஷன் பெண்டாட்டி மாதிரி ஒட்டியே இருக்க வேண்டும்.

இரண்டாவது நோய், மேல் ஸ்தாயி இறங்குவது. இது முதல் வைத்தியத்தில் போகாது. அந்த 18 மில்லிவோல்ட் கணக்கே வெப்பத்தோடு சேர்ந்து ஏறுகிற எண். அறை வெப்பத்தில், அதாவது கெல்வினில் 300 என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு டிகிரிக்கும் 300இல் ஒரு பங்கு, 0.33 சதவீதம் கூடும். நீ கொடுப்பதோ அதே பழைய 18. அதனால் ஸ்தாயி சுருங்குகிறது. காலையில் 27 டிகிரி, மதியம் உன் ஷீட்டுக்குக் கீழே 39 என்றால் ஒரு ஸ்தாயிக்கு 46 சென்ட் போச்சு, மூன்று ஸ்தாயி தள்ளிப் போனால் 138. இயற்பியல்தான், உன் சால்டரிங்கில் குற்றமில்லை.

இதற்கு மருந்து டெம்ப்கோ ரெசிஸ்டர் என்பார்கள். கீபோர்டு வோல்ட்டைப் பிரித்துக் குறைக்கும் இடத்தில், 55 கிலோ ஓமுக்குக் கீழே இருக்கும் 1 கிலோ ஓமுக்குப் பதிலாக, டிகிரிக்கு 3300 பி.பி.எம் (பத்து லட்சத்தில் 3300 பங்கு, அதாவது 0.33 சதவீதம்) ஏறுகிற ரெசிஸ்டர். சூடு ஏற ஏற அதுவும் ஏறி அந்த 18ஐக் கூட்டிக் கொடுக்கும். ஆனால் கடைத் தெருவில் கேட்டால் முழிப்பார்கள். நான் செய்தது வேறு: பாய்லர், அடுப்பு எல்லாவற்றிலும் சூடு அளக்கப் போடும் பி.டி 1000 பிளாட்டினம் சென்சார். 27 டிகிரியில் அது சுமார் 1105 ஓம், டிகிரிக்கு கிட்டத்தட்ட 3.9 ஓம் ஏறும். கொஞ்சம் அதிகம்தான், அதனால் தொடரில் ஒரு 56 ஓம் போட்டால் சரியாக 3300 பக்கத்தில் வந்து உட்காரும். கீழே மொத்தம் 1160 ஆகிவிடுவதால் மேலே 55க்குப் பதில் 63 கிலோ ஓம் வேண்டும், மீதியைப் பல சுற்று ட்ரிம்பாட் (திருகித் திருத்தும் ரெசிஸ்டர்) பார்த்துக்கொள்ளும். முக்கியம்: சென்சார் அந்த ஜோடியின் முதுகில் ஒட்டியிருக்க வேண்டும். பெட்டியின் மூடியில் ஒட்டிவிட்டு வேலை செய்யவில்லை என்று வராதே.

அப்புறம் ஆசிலேட்டரின் வேகத்தை நிர்ணயிக்கும் டைமிங் கெபாசிட்டர் என்ன போட்டிருக்கிறாய்? சாதாரண செராமிக் வில்லை என்றால் தூக்கிப் போடு. பாலிஸ்டைரீன், இல்லையென்றால் சூட்டில் அவ்வளவாக மாறாத என்.பி.ஓ வகை செராமிக்.


ரிப்பேர்_அண்ணாச்சி:

சால்டர்புகை சொன்னதில் நான் கை வைக்க மாட்டேன், அவர் படித்தவர். நான் பாலிசிக்ஸுக்கு மட்டும் வருகிறேன். மெல்லிசைக் குழுக்காரர்களின் கீபோர்டைக் கழற்றிக் கழற்றியே முடி நரைத்தவன்.

நீங்கள் சொல்லும் குறிகளைக் கேட்டதும் தெரிந்துவிட்டது. பாலிசிக்ஸ் 1981இல் வந்தது. மெமரியைக் காப்பாற்ற உள்ளே ஒரு நிக்கல் காட்மியம் பேட்டரி இருக்கும், அது உட்கார்ந்திருப்பது மூளைப் பலகையின் மேலேயே, கே.எல்.எம் 367 என்று அச்சடித்திருக்கும். இந்த வகை பேட்டரி நாற்பது வருஷத்தில் கசியாமல் இருந்தால்தான் ஆச்சரியம். கசிந்தால் பக்கத்துச் செப்புத் தடங்களை அரித்துத் தின்றுவிடும். சாவி ஊமையாவது, மெமரி தாவுவது எல்லாம் அந்த வீட்டு வேலைதான். உலகம் முழுக்க இந்த மாடலுக்கு இதே கதைதான்.

காசு கொடுப்பதற்கு முன்னால் திறந்து பாருங்கள். திறக்க விடவில்லை என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். பச்சையாகப் பூத்திருந்தால் பேட்டரியை வெட்டி எடுத்து, வினிகரில் நனைத்த பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும் (கசிவு காரம், அதற்கு அமிலம்), பிறகு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் கழுவ வேண்டும். அறுந்த தடங்களுக்கு ஒவ்வொன்றாக மெல்லிய கம்பி. பொறுமை இருந்தால் ஒரு வாரம். புதிதாக லித்தியம் காசு பேட்டரி போட்டால் ஒரு டயோடும் சேர்த்துப் போடுங்கள், இல்லையென்றால் செட் அதைச் சார்ஜ் செய்யப் பார்க்கும், லித்தியத்துக்கு அது ஆகாது. பவர் சப்ளையில் இருக்கும் எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர்களும் பாருங்கள். பத்து டிகிரி கூடினால் அதற்கு ஆயுள் பாதி என்பது எங்கள் தொழிலில் வாய்ப்பாடு. மதுரையில் துணிக்குக் கீழே இருபது வருஷம் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. பின்பக்க லேபிளில் வோல்ட்டேஜைப் படியுங்கள். சிங்கப்பூரில் வாங்கியது என்றால் நம் ஊர் கரண்ட்டுக்கு ஒத்துவரும், ஆனால் அங்கேயே இன்னொருவர் கையிலிருந்து வாங்கியிருந்தால்? ஜப்பான் உள்ளூர் செட் 100 வோல்ட். ஒரு முறை ஒருவர் கல்யாணக் கச்சேரிக்கு இரண்டு மணி நேரம் முன்னால், புதிதாக வாங்கிய ஜப்பான் செட் புகைகிறது என்று ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்தார். நேராக 230இல் செருகியிருக்கிறார். டிரான்ஸ்ஃபார்மர் வெந்த வாசனை கடையில் மூன்று நாள் போகவில்லை. அன்றைக்குக் கச்சேரி ஆர்மோனியத்தோடு நடந்தது.

ஆறு குரலும் (ஒரே நேரத்தில் ஆறு சுரம்) பேசும் செட் என்றால் 70,000 கொடுக்கலாம். இந்த நிலையில் பாதி சொல்லுங்கள், அதற்கும் அவர் கோபப்பட்டால் பேட்டரியை அவருக்கே காட்டுங்கள்.


சாபர்மதி_காற்று:

எல்லோரும் இவ்வளவு பயமுறுத்துகிறீர்களே. சுருதி நழுவுவதற்காகத்தானே அனலாக்? துல்லியம் வேண்டுமென்றால் போனில் ஒரு ஆப் போதும். நழுவட்டும் விடுங்கள்.

நான் அகமதாபாத்தில் சில வருஷம் வேலை பார்த்தவன், அதனால் இந்தக் கதையைச் சொல்லாமல் போனால் தூக்கம் வராது. 1969இல் அங்கே இருக்கும் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் ஒரு மோக் மாடுலர் (தனித்தனிப் பகுதிகளைக் கம்பியால் இணைக்கும்) சின்தசைசர் வந்து இறங்கியது. (மூக் இல்லை ஐயா, மோக். மோகம் என்று நினைத்துக்கொண்டால் மறக்காது.) அமெரிக்க இசைக்காரர் டேவிட் ட்யூடர் வந்து ஸ்டூடியோவை அமைத்துக் கொடுத்தார். அதன் சின்ன வடிவமான மினிமோக் விற்பனைக்கு வந்ததே 1970இல்தான் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். 1972 வரை கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அதில் வேலை செய்தார்கள். கீதா சாராபாய் யாரென்றால், 1946இல் நியூயார்க்கில் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜுக்கு இந்திய இசை சொல்லிக்கொடுத்தவர். அந்த நாடாக்கள் பல வருஷம் காப்பகத்திலேயே கிடந்தன, பிரிட்டிஷ் கலைஞர் பால் பர்கஸ் தேடி எடுத்து, 2023இல் தொகுப்பாக வெளிவந்தது. கேட்டுப் பாருங்கள். அந்தக் கால மோக் ஆசிலேட்டர் சுருதியில் நிற்காது என்பது ஊரறிந்த விஷயம், அகமதாபாத் வெயிலோ கேட்கவே வேண்டாம். யாராவது டெம்ப்கோவுக்காக அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தார்களா?


வில்லும்_சுருதியும்:

வில்லைப் பெட்டியில் வைத்த அந்தத் தோழி நான்தான். இவன் இங்கே வந்து புலம்பியிருப்பான் என்று தெரியும்.

சாபர்மதி சார், நீங்கள் சொல்வது தனியாக உட்கார்ந்து நாடாவில் பதிவு செய்கிறவர்களுக்குச் சரி. அவர்கள் சத்தத்தைப் பிடித்து, வெட்டி, ஒட்டிச் செய்தார்கள். நான் இவனோடு சேர்ந்து வாசிக்க வேண்டும். இரண்டு ஆசிலேட்டர் ஒன்றோடொன்று லேசாக விலகி அலை அலையாக அடித்துக்கொண்டால் அழகு, ஒன்று 440, இன்னொன்று 441 என்றால் விநாடிக்கு ஒரு அலை, தம்பூராவில் காது அதைத்தான் தேடும். ஆனால் மொத்தப் பெட்டியும் ஆலாபனைக்கு நடுவில் ஐந்து கட்டைக்குக் குடிபோனால் அது அழகு இல்லை, நான் என்ன பிரடையைத் திருகிக்கொண்டே வாசிப்பதா?

எங்கள் வீட்டில் அப்பாவின் பழைய எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டி ஒன்று இருந்தது. ஸாவுக்கு ஒரு நாப், பாவுக்கு ஒரு நாப். கச்சேரிக்கு அரை மணி நேரம் முன்னாலேயே ஆன் செய்துவைப்பார், சூடாகி நிலைக்கு வரட்டும் என்று. அப்போது மூடநம்பிக்கை என்று நினைத்தேன். இப்போது சால்டர்புகை அண்ணா எழுதியதைப் படித்ததும்தான் விளங்குகிறது.

என் பங்குக்கு ஒரு யோசனை. அந்தக் கீபோர்டைக் கொஞ்சம் குறைத்துக்கொள். நீ சாவி சாவியாகத் தாவினால் என்னால் எந்த ராகத்திலும் உன்னோடு சேர முடியாது. உன் பெட்டியில் ஒரே குரல்தான் என்று வருத்தப்படுகிறாய், நம் பாட்டிலும் ஒரே குரல்தானே. சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்க வைக்கும் கிளைடு நாப் வை, விரல் வழுக்கும் ரிப்பன் மாதிரி ஏதாவது வை. 1982இலேயே பம்பாயில் சரண்ஜித் சிங் ரோலண்ட் டி.பி 303 உள்ளிட்ட சின்தசைசர்களை வைத்து ராகம் வாசித்துப் பதிவு செய்திருக்கிறார். பாலிசிக்ஸ் ஆறு குரலோடு வந்தாலும் எனக்கு ஒன்றுதான் வேண்டும்.


சால்டர்புகை:

அப்பா செய்தது முழுக்க முழுக்கச் சரி. அரை மணி சூடாக விடுவது இன்றைக்கும் முதல் விதி. பெரிய கம்பெனிகளே இதில் அடிபட்டவைதான். 1978இல் வந்த ப்ராஃபெட் 5 சின்தசைசரில் "ட்யூன்" என்றே ஒரு பொத்தான் உண்டு, அழுத்தினால் உள்ளே இருக்கும் இசட் 80 ப்ராசசர் பத்து ஆசிலேட்டரையும் வரிசையாகச் சுருதி சேர்க்கும். 1980இல் அதன் ஆசிலேட்டரையே மாற்றி சி.இ.எம் 3340 சிப்புக்குப் போனார்கள். அந்தச் சிப்புக்குள்ளேயே வெப்பக் கணக்கை ஈடுகட்டும் பகுதி இருக்கிறது, டெம்ப்கோ தேவையில்லை. ரோலண்ட் எஸ்.எச் 101 சின்தசைசரில் இருப்பதும் அந்தச் சிப்தான். இன்றைக்கு லாட்வியாவில் ஆல்ஃபா நிறுவனம் ஏ.எஸ் 3340 என்று அதே கால் வரிசையில் செய்கிறது. பொறுமை இல்லாதவர்கள் அதை வாங்கிப் போடுங்கள். நான் ஏன் தம்பிக்கு முதலிலேயே அதைச் சொல்லவில்லை என்றால், வாங்கிப் போட்டால் ஏன் வேலை செய்கிறது என்று தெரியாமலே போய்விடும். இது என் கிறுக்கு, கட்டாயம் இல்லை.


மொட்டைமாடி_மின்சாரம்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

ரெகுலேட்டர் 547இலிருந்து ஒரு சென்டிமீட்டர். அண்ணன் சொன்ன அதே இடம், வெட்கமாகப் போய்விட்டது. அதைப் பின் தகட்டில் திருகி மாட்டினேன், டிரான்சிஸ்டர் இரண்டையும் முகத்தோடு முகம் ஒட்டினேன். அதிலேயே கட்டைக் கணக்கில் ஏறியது போய் மதியத்துக்கு 30 சென்ட் அளவில் நின்றது. பி.டி 1000க்கு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் அலைந்து கிடைக்காமல், கடைசியில் மில்களுக்கு மீட்டர் விற்கும் கடை ஒன்றில் கிடைத்தது. குழாய்க்குள் போட்ட பெரிய சென்சாரைத்தான் முதலில் காட்டினார்கள், உள்ளே இருக்கும் சின்னதை மட்டும் தனியாகக் கேட்டதும் எதற்கு என்றார். பாட்டுப் பெட்டிக்கு என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டு எடுத்துக் கொடுத்தார். 56 ஓம் சேர்த்து ஜோடியின் முதுகில் ஒட்டி, கெபாசிட்டரையும் பாலிஸ்டைரீனாக மாற்றினேன் (ஆமாம், செராமிக் வில்லைதான் போட்டிருந்தேன்). நேற்று காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை மூன்று ஸ்தாயியில் அளந்ததில் அதிகபட்சம் 9 சென்ட். வெப்பமானியில் அறை 38 டிகிரி. எனக்கு வியர்த்தது, அதற்கு வியர்க்கவில்லை.

பாலிசிக்ஸைத் திறக்கச் சித்தப்பா சம்மதித்தார். உள்ளே அண்ணாச்சி சொன்ன அதே பலகை, அதே பச்சை. அவரே எட்டிப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, விற்க வேண்டாம் என்று நினைக்கிறேன், நீயே எடுத்துப்போய்ச் சரிசெய்து கொடு, வாசிக்க ஆசையாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். ஆக வாங்கப் போய் ரிப்பேர்க்காரனாகத் திரும்பி வந்திருக்கிறேன். அண்ணாச்சி, தடங்களுக்குக் கம்பி எந்த அளவு போடுவீர்கள்?

வில்லும் சுருதியும் சனிக்கிழமை வந்து ஒரு மணி நேரம் வாசித்தாள். ரிப்பன் இன்னும் செய்யவில்லை, கிளைடு மட்டும் வைத்தேன். மோகனத்தில் காந்தாரத்திலிருந்து பஞ்சமத்துக்கு வழுக்கும்போது மட்டும் தலையை ஆட்டினாள், மற்ற இடங்களில் முறைத்தாள்.

ஒரே ஒரு சந்தேகம். ரெசனன்ஸை (ஃபில்டரில் ஒரு அதிர்வெண்ணை மட்டும் தூக்கிக் காட்டுவது) கூட்டினால் ஃபில்டர் தானாக விசிலடிக்கிறதே, அந்த விசிலின் சுருதி இப்போது வெயிலோடு நகர்கிறது. அதற்கும் ஒரு பி.டி 1000 வாங்கட்டுமா?


ரிப்பேர்_அண்ணாச்சி:

30 கேஜ் ஒயர்ராப் கம்பி. இன்சுலேஷனை அதிகம் உரிக்காதீர்கள்.


சால்டர்புகை:

விசில்தானே, விடு தம்பி. அதையாவது சாபர்மதி ஐயாவுக்காக நழுவ விடு.